ஒண்ணா ரெண்டாவின் முதல் பாட்டு

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரு வைத்த பட்டப்பெயர் ‘ஒண்ணா ரெண்டா’. வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கடையின் பின்னறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைச் செருகுவார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார். “இது தெளிவா, அது தெளிவா? ஒண்ணா, ரெண்டா?” என்பார். வந்தவர் “ரெண்டு” என்றால் அந்த ரெண்டை ஒண்ணாக வைத்துக்கொண்டு அடுத்த ரெண்டுக்குப் போவார். ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை இதே கேள்விதான். பிழைப்பு அப்படி.

ஷட்டரோடு கேள்வியும் இறங்கியிருந்தால் வீட்டில் யாருக்கும் புகார் இருந்திருக்காது. இறங்கவில்லை. ஏனென்றால் வீட்டில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் ஒரு பெட்டி. பெரிய புத்தகம் ஒன்றின் அகலம். மேலே நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்குள்ளும் ஒரு சத்தத்தை ஏற்றிவைக்கலாம். தட்டினால் அந்தச் சத்தம் வரும். தட்டிய வரிசையைப் பெட்டி நினைவில் வைத்துக்கொண்டு, நிறுத்து என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும். பக்கத்தில் ஒரு லேப்டாப். அதில் பீட் போடும் மென்பொருள். திரை முழுக்க வண்ண வண்ணப் பட்டைகள், மடித்து அடுக்கிய சலவைத் துணி மாதிரி.

சத்தங்களை அவர் எங்கிருந்தும் வாங்கவில்லை. கடையில் கிடைப்பதையே போனில் பிடித்துக்கொண்டு வருவார். லென்ஸைச் சாணை பிடிக்கும் மெஷினின் கீச்சலை இழுத்து நீட்டினால் வயலின். ஷட்டர் கடகடவென்று இறங்குவதை மெதுவாக ஓடவிட்டால் இடி. கண்ணாடிக் கூட்டை மூடும்போது ஒரு ‘டப்’ வருமே, அதுதான் அவருக்குச் செல்லப் பிள்ளை. பாட்டில் சுளீரென்று விழும் அடியை ஸ்னேர் என்பார்கள். அவருடைய பாட்டுகளில் ஸ்னேர் என்றால் கண்ணாடிக் கூடுதான்.

இத்தனையும் அவர் காதுக்குள் மட்டும் நடக்கும் கச்சேரி. ஹெட்போனை மாட்டினால் கழற்ற மாட்டார். மற்றவர்களுக்குக் கேட்பதெல்லாம் ரப்பரில் விரல் விழும் ஓசை. தப், தப், தபதப், தப். கண்ணை மூடித் தலையை ஆட்டியபடி ஒரு மனிதர் ஒரு பெட்டியை அறைந்துகொண்டிருப்பார். வேகம் பிசகாமலிருக்கப் பெட்டிக்குள்ளேயே ஒரு ‘டிக், டிக்’ உண்டு. கிளிக் என்று பெயர். அதை ஓடவிட்டால்தான் அவருக்குக் கை வரும்.

மாமியார் ஒரு முறை மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னணியில் தப்தப் கேட்டுக் கவலைப்பட்டார்.

“என்னடி, வீட்டுல கொசு ஜாஸ்தியா?”

“கொசு இல்லம்மா. உங்க மாப்பிள்ளை பாட்டு போடுறார்.”

“கொசுன்னா மருந்தடிக்கலாம்,” என்றார் மாமியார்.

பீட் போடுகிறவர்களைப் பிடிக்கும் வியாதி ஒன்று உண்டு. எட்டுச் சுற்று வியாதி. தாளத்தில் எட்டுச் சுற்று போட்டதும் அது அழகாக இருக்கும். திரும்ப ஓடவிட்டால் இன்னும் அழகாக இருக்கும். கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒன்பதாவது சுற்றில் என்ன வரவேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினால் தலை சுற்றும். உடனே புதிதாக இன்னொரு எட்டுச் சுற்றைத் தொடங்கிவிடுவார்கள். நம்மவருக்கு வியாதி முற்றியிருந்தது. லேப்டாப் நிறைய எட்டுச் சுற்றுகள். வீடு கட்டுகிறேன் என்று ஊரெல்லாம் வாசற்படி மட்டும் கட்டிவைத்தவர் போலிருந்தார். ஒரு பாட்டு முடிந்து அவர் எழுந்ததை அந்த வீடு பார்த்ததே இல்லை. கோப்புகளின் பெயர்கள் மட்டும் முடிந்துகொண்டே இருந்தன: ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘இதுதான் கடைசி’, ‘சத்தியமா கடைசி’.

இதில் தொழில் வாசனை வேறு. நல்ல தோல் கூட்டின் ‘டப்’பையும் மலிவான பிளாஸ்டிக் கூட்டின் ‘டப்’பையும் மாற்றி மாற்றிப் போட்டு, போகிற வருகிறவர் தலையில் ஹெட்போனைக் கவிழ்ப்பார்.

“ஒண்ணா, ரெண்டா?”

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஒரு காலில் செருப்போடு நின்று கேட்டாள். “ரெண்டு.”

“ஏன் ரெண்டு?”

“பஸ்ஸு வந்துடும்ப்பா. அதான் ரெண்டு.”

அன்றைக்கு மாலைதான் அவருக்குத் தெரிந்தது, தவறுதலாக இரண்டு தடவையும் பிளாஸ்டிக்கையே போட்டிருக்கிறோம் என்று. வேறொருவராக இருந்தால் மகளைத் திட்டியிருப்பார். இவர் உட்கார்ந்து அந்த ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், “இல்ல, ரெண்டாவதுல கொஞ்சம் பளிச்சுன்னுதான் இருக்கு,” என்றார்.

இப்படியே போயிருக்கும். மனைவியின் உடற்பயிற்சி வகுப்பு குறுக்கே வந்தது.

மனைவி காலை நேரத்தில் சமூகக் கூடத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர். அவர்கள் எல்லாருக்கும் அவர் டீச்சர். கையைத் தூக்கு, காலை மடக்கு, குந்தி எழு, எல்லாம் பாட்டோடு. கூடத்தின் ஆண்டு விழாவில் வருடாவருடம் இவர்களும் மேடையேறுவார்கள். விழாவை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். போன வருடம் சினிமாப் பாட்டு ஒன்றுக்கு ஆடினார்கள். பாட்டின் உரிமை வைத்திருந்த கம்பெனி நேரலையில் சத்தத்தை அறுத்துவிட்டது. மேடையில் தூள் பறந்தது. வீடுகளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு சத்தமும் இல்லை. வகுப்பின் முதல் வரிசையில் நிற்பவர் பேங்க் அம்மா, வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருக்கும் அவர் மகன் போனில் கேட்டானாம்: “அம்மா, மவுன அஞ்சலியில ஏன் எல்லாரும் குதிக்கிறீங்க?”

அந்தச் சிரிப்பை டீச்சர் இன்னும் ஜீரணிக்கவில்லை. இந்த வருடம் கூடத்துச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “யாரோட பாட்டும் கூடாதும்மா. சொந்தமா இருந்தா கொண்டுவாங்க. இல்லன்னா உங்க நேரத்தைக் கராத்தே மாஸ்டருக்குக் குடுத்துடுறேன். அவருக்குப் பாட்டே வேணாம். ஊன்னா ஒரு அடி, ஆன்னா ஒரு அடி.”

கராத்தே மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த டீச்சரின் வாய், டீச்சரைக் கேட்காமலே பேசிவிட்டது.

“என் வீட்டுக்காரர் போட்டுத் தருவார்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரரின் கை ரப்பருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஹெட்போனைக் கழற்றினார்.

“முழுப் பாட்டா?”

“பின்ன, கால் பாட்டா? மூணரை நிமிஷம். ஞாயித்துக்கிழமை விழா.”

“இந்த ஞாயிறா?”

“இத்தனை வருஷமா கொசு அடிச்சது எதுக்குன்னு அன்னிக்குத் தெரிஞ்சுடும்,” என்றார் மனைவி. குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோபாவில் கிடந்த மகள் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சொன்னாள், “அப்பா, எட்டுச் சுற்றைப் போட்டுட்டு, மீதிக்கு ஆன்ட்டிங்கள ஊ, ஆன்னு கத்தச் சொல்லிடலாம்.”

மறுநாள் கடையைத் தாமதமாகத் திறப்பதென்று முடிவு செய்து வகுப்புக்குப் போனார். எந்த வேகத்துக்குத் தாளம் போடுவது என்று பார்க்கவேண்டுமே. போனில் ஒரு செயலி உண்டு. ஆடுகிறவர்களோடு சேர்ந்து திரையைத் தட்டினால் வேகத்தை எண்ணில் சொல்லும். தட்டினார். பேங்க் அம்மா எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கினார். கவுன்ட்டர் மூடுவதற்குள் முடித்துவிடும் அவசரம். பின்வரிசையில் தையல்கார அம்மா, மற்றவர்கள் இறக்கிய பிறகு தூக்கினார். இடையில் நின்றவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து இரண்டுக்கும் நடுவில் ஆடினார்கள். ஆளுக்கொரு கடிகாரம். செயலி தத்தளித்துவிட்டு, இதயம் படபடக்கும் வேகம் ஒன்றைச் சொன்னது.

“இவங்கள்ல யாரு வேகத்தை எடுத்துக்கறது?” என்று மனைவியிடம் கேட்டார்.

“முழங்காலோட வேகத்தை,” என்றார் மனைவி.

அந்த ஒரு பதில் அவருக்கு வாசற்படியைத் தாண்ட வழி காட்டியது. ஒன்பதாவது சுற்றில் என்ன வரவேண்டும் என்று இசையைக் கேட்டால் அது பதில் சொல்வதில்லை. முழங்காலைக் கேட்டால் உடனே சொல்கிறது. நடந்து உடம்பைச் சூடேற்றும்போது கண்ணாடி துடைக்கும் துணியின் சரசரப்பு போதும். கையைத் தூக்கும்போது சாணை மெஷின். குந்தி எழும் இடம் வந்ததும் மனைவி மேசைக்குப் பக்கத்தில் நின்று குந்திக் காட்டினார். “இங்க மூச்சு விட இடம் குடுங்க. விடாம அடிச்சா தையல்காரம்மா அங்கேயே உக்காந்துடுவாங்க.” அந்த இடத்தில் அடியை எடுத்துவிட்டு வெறும் ஷட்டர் இடியை மட்டும் விட்டார். கேட்டுப் பார்த்தார். அவருக்கே உடம்பு சிலிர்த்தது. பாட்டு நீண்டது. லேப்டாப் திரையில் பட்டைகள் முதல் முறையாக வலது ஓரத்தைத் தாண்டிப் போயின. மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “தொடரும்னு போடாம நிஜமாவே தொடருதே,” என்றாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. ஸ்னேர். தோல் கூடா, பிளாஸ்டிக் கூடா?

தோலைப் போட்டார். கம்பீரம். பிளாஸ்டிக்கைப் போட்டார். சுறுசுறுப்பு. திரும்பத் தோல். கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு வந்த மனிதர், தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஊஞ்சலாடினார். மாலைக்குள் கோப்பின் பெயர் ‘சத்தியமா கடைசி’யையும் தாண்டிவிட்டது. விழாவுக்கான துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியின் தலையில் ஹெட்போனைக் கவிழ்த்தார்.

“நல்லாக் கேளு. ஒண்ணா... ரெண்டா?”

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணை மூடி, மெய்யாகவே கேட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“எப்படி ஒண்ணாகும்? முதல்ல அடி வந்து...”

“ஒரு நிமிஷம். கடையில கண்ணு பாக்க வர்றவங்க ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“அதோட நிறுத்திடுவேன்.”

“ஏன்?”

“ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா சரியான பவர் வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல மாத்துனா தலைவலிதான்.”

மனைவி ஹெட்போனைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கையிலெடுத்தார்.

அவருக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் சொல்லும் மருந்து. சொந்தக் காதில் விட்டுக்கொள்ள இதுவரை தோன்றியதில்லை.

போய் உட்கார்ந்தார். கடைசியாகக் கேட்டது எதுவோ அதையே வைத்துக்கொண்டார். பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒயரைச் செருகி, பெட்டியை முதலிலிருந்து ஓடவிட்டு, மூன்றரை நிமிடத்தையும் பதிவு செய்தார். ஒரு தடவை கேட்டார். குறை ஒன்றும் காணோம். பென் டிரைவில் ஏற்றிய மறுநொடியே ஒரு கை வந்து அதை உருவிக்கொண்டு போனது. பெட்டியையும் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிய மனைவி, சாவியைக் கைப்பைக்குள் போட்டார்.

“திருத்தறதுக்கு ஏதாவது தோணுனா?”

“தோணும். அதுக்குத்தான் பூட்டு.”

ஞாயிறு மாலை கூடம் நிறைந்திருந்தது. அவர் மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். கராத்தே மாஸ்டர் வெள்ளை உடுப்போடு பக்கவாட்டில் கைகட்டி நின்றார். பாட்டு எந்த நேரமும் காலைவாரலாம், அப்போது ஏறிக்கொள்ளலாம் என்ற தயார்நிலை. திரை விலகியது. நீலச் சட்டையில் பெண்கள். நடுவில் டீச்சர். பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து, கண்ணாடிக் கடைக்காரரின் வாழ்நாளில் முடிந்த முதல் பாட்டின் முதல் ஒலி வந்தது.

டிக். டிக். டிக். டிக்.

கிளிக். போட்டது போட்டபடி இருந்திருக்கிறது. பெட்டி எதையெல்லாம் ஒலித்ததோ அதையெல்லாம் ஒயர் வாங்கிக்கொண்டது. அதில் கிளிக்கும் சேர்த்தி. ஒரு தடவை கேட்டுப் பார்த்தோமே, அப்போது எங்கே போயிற்று இது? எங்கேயும் போகவில்லை. புதுக் கண்ணாடி வாங்கும் ஒவ்வொருவரிடமும் அவர்தான் சொல்வார், “ரெண்டு நாள் போட்டீங்கன்னா பிரேம் இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது.” வருடக்கணக்காகக் காதிலேயே மாட்டிக்கொண்டு திரிந்த டிக் டிக் அவருக்குப் பிரேம் ஆகிவிட்டிருந்தது. இப்போது ஊர் முழுவதும் அந்தப் பிரேமைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரசரப்பு வந்தது, டிக் டிக் இருந்தது. வயலின் வந்தது; டிக் டிக் இருந்தது. கல்யாண வீட்டுப் போட்டோவில் குறுக்கே நடந்துபோனவன் மாதிரி எல்லா இடத்திலும் இருந்தது.

எழுந்தார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்கப்பா போற?”

“நிறுத்தச் சொல்லணும். கிளிக் விழுந்துடுச்சு. பாட்டு பாழ்.”

“மேடையப் பாரு முதல்ல.”

பார்த்தார். டிக் என்றதும் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. அடுத்த டிக்குக்கு ஒரே நேரத்தில் இறங்கின. பேங்க் அம்மா யாருக்கும் முன்னால் போகவில்லை. உதடுகள் அசைந்தன, நோட்டு எண்ணுகிற மாதிரி டிக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். தையல்கார அம்மாவும் மற்றவர்களோடு தூக்கி மற்றவர்களோடு இறக்கினார். தையல் மெஷினிலேயே ஆயுளைக் கழித்தவருக்குச் சீராக ஓடும் சத்தம் ஒன்று கிடைத்தால் போதும்போலிருக்கிறது. கால் தானாக விழுந்தது.

குந்தி எழும் இடம். ஸ்னேர் நின்றது. ஷட்டர் இடி உருண்டது. அந்த வெறுமையில் டிக் டிக் மட்டும் தனியாக நடந்துபோனது, வெட்கமே இல்லாமல். பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருவரும் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. கூட்டத்தில் யாரோ விரலால் நாற்காலிக் கையைத் தட்டத் தொடங்கினார்கள். பிறகு வரிசையே தட்டியது. முடியும் இடத்தில் பேங்க் அம்மா மட்டும் ஒரு டிக் முன்னதாகவே வணக்கம் போட்டுவிட்டார். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. நேரலையில் ஒரு நொடிகூடச் சத்தம் போகவில்லை.

கூட்டம் கலையும்போது அவர் மனைவியைத் தேடிப்போய்க் குனிந்த தலையோடு ஒப்புக்கொண்டார். “ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த டிக் டிக் பாட்டுல இருக்கக்கூடாது. எடுக்க மறந்துட்டேன்.”

மனைவி வியர்வையைத் துடைத்த துண்டோடு அவரைப் பார்த்தார். “எதை எடுக்க?”

“டிக் டிக்கை. அது அளவுக்கு வச்சுக்கறது. வீடு கட்டுனா சாரத்தைப் பிரிச்சுடுவோம்ல, அந்த மாதிரி.”

“அதைப் பிடிச்சுக்கிட்டுத்தாங்க நாங்க நின்னோம்.”

அவர் மனம் ஆறவில்லை. பீரோ திறந்ததும் முதல் வேலையாகக் கிளிக்கை அணைத்துவிட்டுச் சுத்தமான பதிவு ஒன்றை எடுத்தார். வகுப்புக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கரில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டார். முதலில் மேடையில் ஓடியது. பிறகு டிக் இல்லாதது. இரண்டாவது எத்தனை நேர்த்தி! வயலின் காற்றில் மிதந்தது. ஸ்னேர் மின்னியது. ஆனால் ஆட்டத்தில் பேங்க் அம்மா மறுபடி கவுன்ட்டரை மூடக் கிளம்பிவிட்டார். தையல்கார அம்மா பின்தங்கிவிட்டார்.

“ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டார். இது கடையில் கேட்கும் கேள்வி இல்லை.

“ஒண்ணு,” என்றது கூடம் முழுவதும்.

அவர் ஆயுளில் அந்தக் கேள்விக்கு இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பேர், ஒரே நேரத்தில் பதில் சொன்னதில்லை. மூன்றரை நிமிடப் பாட்டில் அவர் போடாத ஒரே சத்தம் எதுவோ, அதற்குத்தான் ஓட்டு விழுந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் முகம் தொங்கியிருந்ததைப் பார்த்த மனைவி சொன்னார், “ஏங்க, கண்ணாடி போட்டவங்களைப் பாத்து ஜனங்க என்ன சொல்வாங்க? பிரேம் நல்லா இருக்குன்னுதானே? பவர் நல்லா இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இல்ல.”

“பவரை நீங்க போட்டீங்க. அது எங்களுக்குத் தெரியும். வாங்க.”

அவர் நடையில் கொஞ்சம் வேகம் வந்தது.

அடுத்த வாரம் கராத்தே மாஸ்டர் கடைக்கு வந்தார். கண் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து இவர் சோதனைச் சட்டத்தை எடுத்தார். மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

“கண்ணு நல்லா இருக்கு சார். எங்க பசங்களுக்கு ஒரு பாட்டு வேணும். வேகமா. அந்த டிக் டிக் கண்டிப்பா இருக்கணும். டீச்சருக்கு இப்பத் தெரிய வேணாம்.”

டீச்சருக்குச் சாப்பிடும்போதே தெரிந்துவிட்டது. சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசை துடைத்ததும் கடைக்காரர் பெட்டியை இழுத்து வைத்தார். கோப்புக்கு ‘கராத்தே’ என்று மட்டும் பெயர் வைத்தார். கிளிக்கை ஓடவிட்டார். தப், தப், தபதப், தப். எட்டுச் சுற்றைத் தாண்டி ஒன்பதாவதில் கால் வைத்து, ஸ்னேருக்கு வந்து சேர்ந்தார். கை நின்றது. ஹெட்போனை மெல்லக் கழற்றி, யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று திரும்பினார்.

அவர் வாயைத் திறக்கவே இல்லை.

“ரெண்டு,” என்றன உள்ளேயிருந்து இரண்டு குரல்கள்.

ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார். ரெண்டை வைத்துக்கொண்டு, அடுத்ததுக்குப் போனார்.